வேலை மேடமும் விசா சாரும்

மாடிப்படி முடிகிற இடத்தில் ஒரு நீளப் பெஞ்சு. அதற்கு எதிரே இரண்டு கதவுகள். பலகைகளில் பெயரும் பட்டமும் பெரிதாகவே எழுதியிருக்கின்றன, யாரும் படிப்பதில்லை. இந்த நாட்டில் தங்க அனுமதி வேண்டும், வேறு முதலாளிக்கு மாற வேண்டும் என்கிறவர்கள் இடது கதவைத் தட்டுவார்கள். அங்கே இருப்பவர் விசா சார். வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், வேலை செய்த இடத்தில் அடிபட்டுவிட்டது என்கிறவர்கள் வலது கதவு. அங்கே இருப்பவர் வேலை மேடம். இருவரும் வக்கீல்கள், கணவன் மனைவி.

மேடத்தின் அறையில் மேசையும் நாற்காலிகளும் சுவரோரம் ஒதுங்கிக் கிடக்கும். நடுவில் ஆள் நடமாட இடம். வந்தவர் தன் துன்பத்தைச் சொல்லி முடித்ததும், "சரி, எழுந்து செஞ்சு காட்டுங்க" என்பார். துணி தேய்ப்பவர் தேய்த்துக் காட்டுவார். மாடிப்படி துடைப்பவர் குனிந்து துடைத்துக் காட்டுவார். சட்டம் படிக்கும் முன் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில், ஆட்களை நிறுத்தும் கடிதங்களை அடித்துக்கொண்டிருந்தவர் மேடம். காகிதத்தில் ஒரு மனிதனின் வேலை எவ்வளவு இளைத்துப்போகும் என்பது அங்கே தெரிந்ததுதான்.

வீட்டில் அலுவலகப் பேச்சு கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. சாப்பாடு ஆறிப்போகும்வரை வாதாடுவார்கள். மகள் பள்ளிக் கட்டுரையில், "என் அப்பாவும் அம்மாவும் தினமும் சண்டை போடுவார்கள், ஆனால் வேறு யாருக்காகவோ" என்று எழுதிவைத்த அன்றோடு நின்றது. மகள் வளர்ந்து வேலைக்கே போய்விட்டாள். விதி மட்டும் வீட்டில் இருந்தது.

அது மீறப்பட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஓர் அலமாரியால்.

படுக்கையறை மர அலமாரியை மகளின் பழைய அறைக்கு மாற்ற வேண்டும் என்று மேடம் வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து நடைவழிவரை கொண்டுவந்துவிட்டார்கள்.

"முதுகை வளைக்காதீங்க. முழங்காலை மடக்கணும்."

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சார்.

"கதவு ரெண்டையும் கயித்தால கட்டியிருக்கணும். இல்லன்னா பாதி வழியில திறந்துக்கிட்டு மூஞ்சியில அடிக்கும். ரொட்டிக்காரர் ஒருத்தர் செஞ்சு காட்டினாரு."

சார் தன் பக்கத்தை மெதுவாகத் தரையில் வைத்தார்.

"ரொட்டிக்காரர் எதுக்கு அலமாரி தூக்கினாரு?"

"அதானே கேஸ். கடை முதலாளிக்கு மரச்சாமான் கிடங்கு ஒண்ணும் இருக்கு. பாதி நாள் அங்கதான் வேலை வாங்கியிருக்கான். முதுகு போச்சு, வேலையும் போச்சு."

"இடது புருவத்துல ஒரு தழும்பு?"

"ஆமா."

"என்கிட்டயும் அதே தழும்போட ஒரு ரொட்டிக்காரர் இருக்காரு. அடுப்படியை விட்டு அந்தண்டை இந்தண்டை நகர்ந்ததே இல்லையாம். புதுக் கடைக்கு மாத்திக்கிற மனு ரெடியா மேசை மேல கிடக்கு. நாளைக்கு அனுப்பணும்."

இருவரும் அலமாரிக்கு இருபுறமும் நின்றார்கள். ரொட்டிக்காரர் இந்த நாட்டில் தங்க, ரொட்டி சுடுவதற்கு மட்டும் என்று கொடுத்த அனுமதி அது. வேறு வேலை செய்தார் என்று தெரிந்தால் பறிபோகலாம். அவரோடு மனைவியும் பள்ளிக்குப் போகும் பெண்ணும் மூட்டை கட்ட வேண்டியதுதான். சொல்லாமல் விட்டால் முதுகுக்கு நியாயம் கிடையாது. இரண்டு கதவிலிருந்தும் இரண்டு கதை கிளம்பி ஒரே அரசாங்க மேசையில் போய் முட்டிக்கொண்டால், இரண்டுமே பொய் என்றாகிவிடும்.

அலமாரி நடைவழியிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் ரொட்டிக்காரர் மனைவியோடு வந்தார். சார் தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மேடத்தின் அறைக்கு வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததுமே அவருக்கு முகம் வெளுத்தது.

"நாங்க புருஷன் பொண்டாட்டின்னு உங்களுக்குத் தெரியாதா?" என்றார் சார்.

"தெரியும் சார். எங்க வீட்ல நான் சொல்றது ஒண்ணும் இவ காதுல ஏறாது. இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு..."

"இவர் சொல்றது ஏறாதா?" அந்த அம்மா மேடத்தைப் பார்த்தார். "ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணையே சொல்லித் தொலைங்கன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன் அக்கா. ஆளுக்கொரு கதை சொல்லுன்னு கூட வேலை செஞ்சவங்க சொன்னதுதான் இவருக்கு வேதம்."

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது; அடக்கிக்கொண்டார்.

"வேலை கேஸை விட்டுடலாம்" என்றார் சார். "இவங்க இங்க இருக்கணும். அதுதான் முக்கியம். முதுகை அப்புறம் பார்த்துக்கலாம்."

"விட்டா? இவர் கிடங்குல வேலை செஞ்சது முதலாளிக்குத் தெரியாதா? புதுக் கடையில சேர்ந்த மறுமாசம் ஒரு போன் போட்டுச் சொன்னா என்ன செய்வீங்க? நாம மறைக்கிறதெல்லாம் அவன் கையில இருக்கிற கயிறு. எப்ப வேணா இழுப்பான்."

"நாமே போய்ச் சொன்னா இவங்கள நாட்டை விட்டு அனுப்பவும் செய்வாங்க."

"செய்யலாம். முதலாளி மிரட்டி வாங்கின வேலைன்னு நாமே முதல்ல சொன்னா கேட்கவும் செய்யலாம். ரெண்டும் நடக்கலாம்." மேடம் ரொட்டிக்காரரிடம் திரும்பினார். "உறுதியா எதுவும் சொல்லமாட்டேன். முடிவு உங்களோடது."

அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா, சொல்ல வேண்டியதையெல்லாம் முன்னமே சொல்லிவிட்டவர் போல உட்கார்ந்திருந்தார்.

"அந்தாளுக்குப் பயந்து பயந்துதான் சார் முதுகு போச்சு" என்றார் ரொட்டிக்காரர். "மறுபடி அவனுக்கே பயந்துக்கிட்டு இருக்க முடியாது. எழுதுங்க."

சார் தன் மேசைமேல் இருந்த மனுவை எடுத்துவந்து கிழித்தார். மேடம், "சரி, எழுந்து செஞ்சு காட்டுங்க. சாரும் பார்க்கட்டும்" என்றார். இருபத்தைந்து வருடத்தில் சார் அதைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. இல்லாத ஓர் அலமாரியை அந்த மனிதர் பாதிவரை தூக்கி, முகம் சுளித்து, அப்படியே நின்றார். சார் பேனாவை எடுத்து மனுவைப் புதிதாக எழுதத் தொடங்கினார். அன்று ரொட்டிக்காரர் கொடுத்த ஒரே வாக்குமூலத்தின் கீழ் சாரும் மேடமும் கையெழுத்துப் போட்டார்கள்.

அரசாங்கத்திடமிருந்து பதில் வர நாளாயிற்று. வந்ததும் முழுசாக இல்லை. விசாரணை முடியும்வரை இருக்கலாம், புதுக் கடையில் எந்த வேலையும் பார்க்கலாம். பிறகு மறுபடி பரிசீலிக்கப்படும். ரொட்டிக்காரர் இனிப்பு ரொட்டிப் பொட்டலத்தோடு படியேறி வந்தார். அடுப்பு வேலை முடியாததால் புதுக் கடையில் விற்பனைப் பக்கம் நிற்கிறாராம். பெண்ணுக்குத் தேர்வு நடக்கிறதாம்.

"அந்தப் பரிசீலனையில என்ன ஆகும் மேடம்?"

"தெரியாது. அதுக்குள்ள நல்லா எழுதிடுவா உங்க பொண்ணு."

அவர் தலையாட்டினார். பெஞ்சில் காத்திருந்த புதியவர் ஒருவரிடம், "ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணையே சொல்லு தம்பி. ரெண்டு ரூமுக்கும் நடுவுல கதவு கிடையாது, ஆனா இருக்கு" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"நடைவழியில அலமாரி அப்படியே நிக்குதுன்னு சார் சொன்னாரு. ஞாயித்துக்கிழமை வந்து ஒரு கை பிடிக்கட்டுமா?"

"தொடக்கூடாது" என்றார் மேடம். "உங்க முதுகு இப்ப எங்க சாட்சி."