வூரார் மண்டபம்

எங்கள் ஊர்ப் பண்ணையக்காரருக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் கடைசியில் தமிழ்ப் பித்து பிடித்தது. ஏதோ தமிழ்க் கூட்டத்தில் அவர் கழுத்தில் மாலை போட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். அதுவரைக்கும் மனிதருக்கு எருமை மேல்தான் பித்து. தமிழுக்குக் கல்மண்டபம் கட்டப்போகிறேன் என்றார். மண்சுவர் கரைந்துவிடுமாம், கருங்கல்தான் நம் மொழி மாதிரி நிற்குமாம். ஆஹா என்று தலையாட்ட ஒரு கும்பல். அதில் நானும் இருந்தேன். அவர் ஜில்லா போர்டு மெம்பர், நான் அந்த போர்டு நடத்தும் ஸ்கூலில் வாத்தியார்.

வாசல் நிலைக்கு மேலே வைக்க நீளமான கல் தேவைப்பட்டது. ஏரி மதகோரம் கிடந்த துவைகல்லைப் பெயர்த்து வந்துவிட்டார்கள். அதன் முகம் முழுக்கப் பழைய எழுத்து. ஏரியை வெட்டியவன் பேரோ, தண்ணீர் முறையோ, என்ன எழுதியிருந்ததோ, ஊரில் ஒருவருக்கும் படிக்கத் தெரியாது. எனக்கும்தான். எழுத்தைச் செதுக்கித் தள்ளப்போகிறார்கள் என்று கேட்டதும் ஓடினேன்.

"ஏனுங்க, அதுவும் தமிழுங்க. பழைய தமிழ். வேண்டாமுங்க" என்றேன்.

"இதாங்க தமிழு? கோழி கிளறுன மாதிரி இருக்குது!" என்று சிரித்தார் பண்ணையக்காரர்.

கல்தச்சர் ஒரு பகல் முழுக்கக் கொத்தி, கல்லை வழவழவென்று ஆக்கிவிட்டார். தமிழுக்கு மண்டபம் கட்டத் தமிழைச் சுரண்டி எறிந்த மகானுபாவர்கள்! தூ!

அதன்மேல் புதிதாக வெட்ட, பண்ணையக்காரர் தன் கைப்பட எழுதித் தந்தார்: 'வூரார் தமிழ் வளர்க்கும் மண்டபம்.'

"ஊரார்னு இருக்கோணுமுங்க" என்றேன்.

"நீங்கதானுங்க வாத்தியாரே சபையில எம்மானத்த வாங்குனீங்க? ஊடுன்னா தப்பு, வீடுன்னு சொல்லோணும்னீங்க. அப்பொறம் ஊருக்கு மட்டும் 'வ' வேண்டாமுங்களா?"

ஆமாங்க, ஆமாங்க என்றது கும்பல். கல்தச்சர் உளியோடு என்னைப் பார்த்தார். "சாமி, எதைக் கொத்தட்டுமுங்க?"

பண்ணையக்காரர் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். எனக்கு என் வேலை ஞாபகம் வந்தது.

"அவர் எழுதினபடியே கொத்துங்க" என்றேன்.

மண்டபம் இன்றைக்கும் நிற்கிறது, 'வூரார்' என்று பல்லைக் காட்டிக்கொண்டு. அந்த முட்டாள் கூட்டத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் பழைய எழுத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதிவைக்க எனக்கு அரைமணி நேரம் போதுமாயிருந்திருக்கும். ஆறு வருஷம் அந்தக் கல்லில்தான் நான் வேட்டி துவைத்தேன்.