கயிற்றக்காவின் கை

எங்கள் கடற்கரை நீளத்துக்கும் மணல்தான். பேருக்குக்கூட ஒரு பாறை கிடையாது. வெறும் மணல்தானே என்று கரையை ஒட்டி வந்த கப்பல்களெல்லாம் இங்கேதான் மாட்டிக்கொண்டு உடைந்தன. சீனிக் கப்பல், ஓட்டுக் கப்பல், தையல் மெஷின் கப்பல் என்று ஏற்றி வந்த சரக்கையே அவற்றுக்குப் பெயராக்கிவிட்டோம். மணல் ஒன்றை மூடும், இன்னொன்றைத் திறக்கும். நம் சௌகரியத்தை அது கேட்பதில்லை.

அத்தனை கப்பலும் என் பக்கத்து வீட்டுக் கயிற்றக்காவுக்கு அத்துப்படி. ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அவள் வீட்டுக்காரர் அருங்காட்சியகத்துக்காகக் கடலுக்குள் இறங்கிப் பழைய சாமான் எடுப்பவர். அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனை, படகில் இவள் கையில். ஒரு இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் கயிறு விடு, விடாமல் இழுத்தால் தூக்கு. கல்யாணமான புதிதில் பிடித்தது, இன்னும் விட்டபாடில்லை. "உன் கை இல்லேன்னா நான் இறங்கவே மாட்டேன்" என்பார். கேட்கிறவர்கள் உருகிப் போவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மகளின் முதல் பிரசவத்தின்போது ஓட்டுக் கப்பல் திறந்துகொண்டது. பேரனை இவள் போட்டோவில்தான் பார்த்தாள்.

இப்போது இரண்டாவது. "இந்தத் தடவையாவது வாம்மா, பயமா இருக்கு" என்று மகள் போனில் அழுதாள். அதே வாரம் தையல் மெஷின் கப்பல் தலைகாட்டியது.

"மணல் மூடிட்டா போச்சு. இது முடியட்டும், அப்புறம் போலாம்" என்றார் அவர்.

"உங்க தம்பி புடிக்கட்டுமே."

"அவன் கைய நம்பி என்னை உயிர விடச் சொல்றியா?"

இப்படிக் கேட்டால் ஒரு பெண்டாட்டி என்ன பதில் சொல்வாள்?

மறுநாள் அவர் தலை தண்ணீருக்குள் மறைந்ததும், படகோட்டும் கொழுந்தனிடம் கயிற்றைக் கொடுத்தாள்.

"ஐயோ அண்ணி, அண்ணன் கொன்னுடுவாரு."

"மேல வந்துதானே கொல்லணும். ஒழுங்கா புடிங்க தம்பி."

பக்கத்திலேயே உட்கார்ந்து கண்ணை எடுக்காமல் பார்த்தாள். ஒரு இழுப்பு வந்தது. அவனும் ஒன்று இழுத்துப் பதில் சொன்னான். இரண்டு வந்தது, விட்டான். கடைசியில் தூக்கச் சொல்லி வந்தது, தூக்கினான். தலை தெரிவதற்கு முன் கயிறு அவள் கைக்குத் திரும்பிவிட்டது.

துருப்பிடித்த சக்கரம் ஒன்றைப் படகில் போட்டுவிட்டு அவர் மூச்சு வாங்கினார். "இன்னிக்கு என்னமா புடிச்ச. இதுக்குத்தான் சொல்றது, உன் கை மாதிரி வராது."

அந்தப் பாராட்டை அவள் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். "புடிச்சது உங்க தம்பி" என்றாள். "நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்."

அவர் தம்பியின் உள்ளங்கையைப் பார்த்தார். கயிறு அழுத்திய தடம் சிவப்பாக இருந்தது. பெரிய சண்டைக்கு அவள் தயாராகத்தான் இருந்தாள். அவர் கயிற்றை எடுத்துத் தம்பி பக்கம் தள்ளினார்.

"சரி, நீ போய்ட்டு வா" என்றார்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட நான்தான் கூடப் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"இவ்வளவு லேசா விடுவாருன்னு தெரிஞ்சிருந்தா, பெரியவன் பொறந்தப்பவே போயிருப்பேனே" என்றாள்.