அம்மாவின் பெயரில் அப்பாவின் கண்

என் அப்பா பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுத்தது அம்மா. ராணுவத்தில் அம்மா லாரி ஓட்டினார். வெள்ளக் காலத்தில் மருந்துப் பெட்டிகளோடு போனபோது பாலம் இடிந்து இறந்துபோனார். அப்போது நான் சிறுமி.

போன வருடம் அப்பாவின் இரண்டு கண்களிலும் புரை விழுந்தது. ஒருநாள் வேகத்தடை தெரியாமல் ஏற்றிவிட்டார். பிள்ளைகளைத் தூக்கிப் போட்டது. யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அன்று மாலையே சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தார்.

"கண்ணு சரியானா வா. வேல உனக்குத்தான்," என்றார் முதலாளி.

தனியார் மருத்துவமனையில் கேட்ட தொகை எங்களுக்கு எட்டாத உயரம். அம்மாவோடு வேலை பார்த்த அத்தை ஒருவர் கேள்விப்பட்டு போன் செய்தார்.

"ராணுவ ஆஸ்பத்திரி இருக்கும்போது ஏண்ணா வெளிய அலையுறீங்க?"

"அது புருஷன இழந்த பொம்பளைங்களுக்குத்தானம்மா?"

"பொண்டாட்டிய இழந்தவங்களுக்கும் உண்டு. மீசை இருந்தா கிடையாதுன்னு யார் சொன்னா?"

இத்தனை வருடமும் பல்வலிக்குக்கூடக் கைக்காசைப் போட்டவர் அப்பா. அத்தையே எங்களோடு நடையாய் நடந்து அவருக்கு மருத்துவ அட்டை வாங்கித் தந்தார்.

கண் பிரிவில், படையினரின் குடும்பத்தாருக்கான வரிசையில் காத்திருந்த எல்லாரும் பெண்கள். அப்பா ஓரமாகக் கூச்சத்தோடு உட்கார்ந்தார்.

"தம்பி, இது பொம்பளைங்க உக்கார்ற இடம்," என்றார் பக்கத்து நாற்காலி அக்கா. "வீட்டம்மாவ உக்கார வச்சுட்டு நீங்க வெளிய நில்லுங்க."

"அவதான் என்ன இங்க உக்கார வச்சுட்டுப் போயிருக்கா, அக்கா."

அக்காவுக்குப் புரியச் சற்று நேரமானது. நடுவிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நல்லா சாஞ்சு உக்காருங்க," என்றார்.

அங்கே நோயாளியின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. படையில் இருந்தவரின் பெயரைத்தான் சொல்கிறார்கள். நர்ஸ் அம்மாவின் பதவியையும் பெயரையும் சேர்த்து உரக்கக் கூப்பிட்டார். அப்பா எழவில்லை.

"அப்பா, நம்மளத்தான்."

"தெரியும்மா. இன்னொரு தடவ கூப்பிடட்டும்."

கூப்பிட்டார்கள். பிறகுதான் எழுந்து உள்ளே போனார்.

முதலில் ஒரு கண், அது தேறியதும் மற்றது. ஒரு காசுகூடக் கேட்கவில்லை. டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை எல்லாருக்கும் அப்பா கைகூப்பினார். யாரையாவது விட்டுவிடப் போகிறாரோ என்று நானும் கூடவே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

மறுபடி வேலைக்குப் போன காலையில், பிள்ளைகள் ஏறியதும் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அதன் பிறகே வண்டியை எடுத்தார்.