சத்தத்தைக் குறைத்தவள்

கரண்ட் போனபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், கரண்ட் போவதற்கும் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்வதற்கும் நடுவே சின்ன இடைவெளி ஒன்று உண்டு. அன்று அந்த இடைவெளியில் மேலே ஃபேன் றெக்கைகள் தளர்ந்து சுற்றுவது கேட்டது. பக்கத்துச் சந்தில் தண்ணி லாரிக்காரர் யாருடனோ சண்டை போடுவது கேட்டது. அந்தச் சந்தில் மனிதர்கள் பேசிக்கொள்வார்கள் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. தையல் வரிசையில் எல்லோரும் கப்சிப். பேசிக்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பேச்சில் வாயை மூடியிருந்தார்கள். அவர்களும் என்னைப் போலவே அந்த அமைதியை ரசிக்கிறார்கள் என்று நினைத்தேன். பிறகு ஜெனரேட்டர் உறுமியது, மோட்டார்கள் எழுந்தன, ஸ்பீக்கரில் குத்துப்பாட்டு அலறியது. நின்ற இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். இந்தச் சத்தத்தை நான் குறைக்கப் போகிறேன்.

எனக்கு யோசனை வருவது சுலபம். டெக்ஸ்டைல் இன்ஜினியரிங் படித்துவிட்டு வெள்ளகோவிலிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறேன். எந்த வேலை எங்கே தேங்குகிறது, அதை எப்படிச் சரிசெய்யலாம் என்று பார்த்துச் சொல்வதுதான் எனக்குக் கொடுத்திருக்கும் பொறுப்பு. முதலாளி என்னை ‘ஐடியா பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். அதில் கிண்டல் இருக்கிறது என்று தெரிந்தும் எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

முதலில் எல்லோருக்கும் காதில் சொருகிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் இயர் ப்ளக் வாங்கிக் கொடுத்தேன். மதியத்துக்குள் ஒருத்தி அதில் ஊசிகளைக் குத்தி வைத்திருந்தாள். இன்னொருத்தி நூலில் கோத்து ஜிமிக்கி மாதிரி தொங்கவிட்டுக்கொண்டு, “மேடம், செட்டாகுதுங்களா?” என்று தலையை ஆட்டிக் காட்டினாள். நானும் சிரித்தேன். சரி, காதை அடைப்பதைவிடச் சத்தம் பிறக்கும் இடத்தை அடைப்போம் என்று மோட்டார்கள் பக்கம் திரும்பினேன்.

எங்களிடம் இருந்தவை பழைய மோட்டார்கள். தைத்தாலும் தைக்காவிட்டாலும், சுவிட்ச் போட்டதிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும். அந்த உறுமலை மீறிக் கேட்க வேண்டும் என்று பாட்டைக் கூட்டி வைப்பார்கள். பாட்டை மீறிப் பேச வேண்டும் என்று எல்லோரும் கத்துவார்கள். புது வகை மோட்டார் பெடலை மிதித்தால்தான் சுற்றும், காலை எடுத்தால் ஓய்ந்துவிடும். கரண்ட் மிச்சமாகும் என்று சொன்னதும் முதலாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதோடு விட்டிருக்கலாம். காதுக்கு எவ்வளவு நல்லது, இந்த இரைச்சலில் வருஷக்கணக்காக உட்கார்ந்தால் காது என்னவாகும் என்றெல்லாம் படம் போட்டு எழுதியும் கொடுத்தேன். மாடியில் தனி ஹாலில் இருந்த ஒரே ஒரு வரிசைக்கு மாற்றிப் பார்க்கச் சம்மதித்தார்.

அந்த வரிசையில், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் முதல் ஓவர்லாக் மிஷினில் இருந்தவர் ஓர் அக்கா. விருதுநகர் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்தவர். கம்பெனியிலேயே பெரிய குரல் அவருடையதுதான். என்னைப் பார்த்தாலே, “ஏத்தா இஞ்சினீரு, சாப்ட்டியா இல்ல ஐடியாவயே தின்னுக்கிட்டுத் திரியிறியா?” என்பார். நான் பேசும்போது என் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவே மாட்டார். தலையைக் கொஞ்சம் ஒருபக்கம் சாய்த்துக்கொள்வார். அது என்மீது உள்ள பிரியம் என்று எடுத்துக்கொண்டேன். காதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இப்போது அதை நினைத்தாலும் முகம் சுடுகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மோட்டார்களை மாற்றினோம். மறுநாள் வித்தியாசம் முழுசாகத் தெரியட்டும் என்று ஸ்பீக்கரையும் நிறுத்தி வைத்தேன். அயர்னிங் மேசையில் நிற்கும் பீகார்க்காரர் கையை விரித்து, “மேடம், பாட்டு கிதர், எங்கே?” என்றார். “இன்னைக்கு ஒரு நாள் இல்லீங்க” என்றேன்.

அக்கா மட்டும் காலையிலிருந்தே நிம்மதியில்லாமல் இருந்தார். மேசைமேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார்.

“இது ஓடுதா நிக்குதான்னே தெரியலயே.”

“பழகிரும்க்கா” என்றேன்.

“என்னத்தா?”

“பழகிரும்னேன்.” சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டேன். முதலாளி வரும் நேரம்.

அவர் வந்து வரிசையின் தலைமாட்டில் என் பக்கத்தில் நின்றார். கட்டிங்கிலிருந்து வரவேண்டிய துணிக் கட்டு தாமதமானதால் ஒவ்வொரு மிஷினாக ஓய்ந்து, கடைசியில் வரிசை முழுதும் நின்றது. பழைய மோட்டாராக இருந்தால் உறுமல் நின்றிருக்காது. இப்போது எதுவுமே இல்லை. கத்தரிக்கோலை யாரோ மேசையில் வைத்த சத்தம்கூடக் கேட்டது. முதலாளி புருவத்தை உயர்த்தி என்னைப் பார்த்து, பரவாயில்லையே என்பது போலத் தலையசைத்தார். என் கையில் போன் இருந்தது, சத்தத்தை அளக்கும் ஆப் திறந்தபடி. முள் எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று அவரிடம் காட்டப் போனேன்.

அப்போது அக்கா, பக்கத்து மிஷின் தோழியின் பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு ரகசியம் சொன்னார்.

“எனக்கு இந்தக் காது சுத்தமாப் போயிருச்சு தாயி! அந்தக் காதும் பாதிதான்! டாக்டரு காதுக்கு மிஷினு மாட்டச் சொல்லிட்டாரு. நீ யார்கிட்டயும் வாயத் தொறந்துறாத. தெரிஞ்சா என்னையப் பிசிறு வெட்டத் தூக்கிப் போட்ருவாய்ங்க!”

அவர் காதுக்கு அது ரகசியம் பேசும் சத்தம்தான்; எங்களுக்கோ வரிசை முழுதும் கேட்டது. தோழி அவர் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். அதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருத்தி, “யக்கோவ், ஊத்துக்குளி வரைக்கும் கேட்டுருச்சுங்க!” என்றாள். வரிசையே சிரித்துவிட்டது. தன்னைச் சுற்றிச் சிரிக்கும் முகங்களைப் பார்த்து, என்ன நகைச்சுவை என்று தெரியாமல், அக்காவும் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே திரும்பி எங்களைப் பார்த்தார். முதலாளியை, என்னை, என் கையில் இருந்த போனை.

அந்தச் சிரிப்பு அவர் முகத்தில் எப்படி அணைந்தது என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

கரண்ட் போனால் அந்தப் பெண்கள் ஏன் வாயை மூடிக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. சத்தம் எப்போது நிற்கும் என்று காத்திருந்து ரசிப்பவர்கள் இல்லை அவர்கள். வீட்டுச் சண்டை, கடன், புருஷன், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் அந்த இரைச்சலுக்குள்தான் பேசி வந்திருக்கிறார்கள். இரைச்சலில் எல்லோரும் வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார்கள், அவர்களில் அக்காவும் ஒருவர். நான் அதை நிறுத்தியதும், கேட்காதவர் என்று அவர் ஒருவர் மட்டும் தனியாக நின்றார். கரண்ட் போகும்போதாவது விளக்கு அணைந்து எச்சரிக்கை கிடைக்கும். நான் விளக்கை எரியவிட்டுச் சத்தத்தை மட்டும் நிறுத்தியிருந்தேன்.

முதலாளி அறைக்குக் கூப்பிட்டார். குரலில் கோபம் எதுவும் இல்லை.

“பாவந்தான் கண்ணு. நல்ல டெய்லரு. ஆனா நாளைக்கு நெருப்பு மணி அடிச்சு அவுங்களுக்குக் கேக்கலீன்னா யாரு பதில் சொல்றது? நீதான எழுதிக் குடுத்தே, காதுதான் முக்கியம்னு? அவுங்களைப் பிசிறுக்கு மாத்திரு. அப்புறம் எல்லாத்துக்கும் ஒரு காது டெஸ்ட் வெச்சுரலாம். யாருக்கு என்னன்னு நமக்கும் தெரிஞ்சாப்ல இருக்கும்.”

அக்கா இங்கே வேலைக்கு வந்தபோது நல்ல காதோடுதான் வந்திருப்பார். நம் மோட்டார்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அது போனது. நான் எழுதிக் கொடுத்ததற்கும் அதுதான் அர்த்தம். இதைச் சொல்ல எனக்கு வாய் வந்திருக்க வேண்டும். எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசுகிறவள் நான்.

“சரிங்க சார்” என்றேன்.

வெளியே வரும்போது, “ஐடியா நல்லா வேலை செய்யுது கண்ணு, மத்த லைனுக்கும் மாத்திரலாம்” என்று பாராட்டினார். அதற்கும் ஒரு “தேங்க்ஸுங்க சார்” சொன்னேன்.

இப்போது அக்கா பிசிறு மேசையில் நிற்கிறார். தைத்து முடித்த பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல்களைக் கத்தரித்துவிடும் வேலை அது. சம்பளம் குறைவு. வேலைக்குப் புதிதாக வருபவர்களை நிறுத்தும் இடம். அவர் இருந்த ஓவர்லாக்கில் வேறொரு பெண் உட்கார்ந்திருக்கிறாள்.

முதல் நாள் அவரிடம் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், “சாப்ட்டீங்களாக்கா?” என்று கேட்டேன். என் உதட்டைப் பார்த்தார். பதிலுக்கு, கம்பெனிக்கே கேட்கும் குரலில், வேண்டுமென்றே, “மெதுவாப் பேசுத்தா, எல்லாருக்கும் கேக்குது!” என்றார். யாரும் சிரிக்கவில்லை. அதன் பிறகு நான் போனால் துணியைவிட்டுத் தலை நிமிர்வதில்லை.

காது டெஸ்ட் பேச்சு பரவிவிட்டது. தையல் வரிசையில் இப்போது பேச்சே இல்லை. நான் பக்கத்தில் போனால், காது மந்தம் என்று கண்டுபிடித்துவிடுவேனோ எனச் சிலர் என் உதட்டைப் பார்க்காமல் இருக்க மெனக்கெடுவது தெரிகிறது. ஜிமிக்கி போட்டுக் காட்டியவளும் அதில் ஒருத்தி. அவளுக்கு என்னைவிட வயது குறைவு. சூப்பர்வைசர் என்னிடம் தனியாக, “பாட்டப் போட்டு உடுங்க மேடம், வேலையாவது ஓடட்டும்ங்க” என்றார். அன்றே ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன். சத்தத்தைத் திருப்பிக் கொடுப்பது சுலபமாக இருந்தது. அக்காவின் இடத்தை அப்படிக் கொடுக்க முடியவில்லை.

டெஸ்ட் எடுக்க ஆள் கிடைக்கவில்லை என்று முதலாளியிடம் பொய் சொல்லித் தள்ளிப்போட்டு வருகிறேன். அந்தப் பொய் அதிக நாள் நிற்காது. அதற்குள் அவரிடம் பேச வேண்டும். டெஸ்ட் எடுத்தால் அதன் முடிவு அவரவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும், அதை வைத்து யாரையும் இடம் மாற்றக் கூடாது. நெருப்பு மணியோடு ஒவ்வொரு வரிசையிலும் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அக்காவின் மேசையில் ஒரு சின்ன பல்பு, கூப்பிட வேண்டியவர் சுவிட்சைத் தட்டினால் மின்னும்படி. அவர் ஓவர்லாக்குக்குத் திரும்ப இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை. அன்று விழுங்கியதையும் இந்த முறை சொல்ல வேண்டும்: “அந்தக் காது நம்ம கம்பெனியிலதானுங்க சார் போச்சு.”

ஆனால் இதையெல்லாம் முதலாளியிடம் கொண்டுபோகும் முன்பு அக்காவிடம் கேட்க வேண்டும். யாரையும் கேட்காமல் செய்ததில்தான் இவ்வளவும் வந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வீட்டுக்குப் போகிறேன். கதவைத் திறப்பாரா, திறந்தாலும் உள்ளே விடுவாரா, தெரியாது. விட்டால், என் வாய் அவருக்குத் தெரியும்படி வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்து, முதலில் மன்னிப்புக் கேட்பேன். பிறகு மறுபடி ஓவர்லாக்கில் உட்கார விருப்பமா என்று கேட்பேன். பல்பும் சுவிட்சும் வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். அவர் சரி என்று சொன்னால் மட்டும் வெளியே எடுப்பேன்.