காலையில் ஊசி குத்துவது யார்?

கரும்பலகையில் என் எழுத்து வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போனதுதான் முதல் அறிகுறி. அப்போது றொசல்லவுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "டீச்சர், தெரியல" என்றார்கள் பின்வரிசைப் பிள்ளைகள். அவர்களுடைய கண்ணில்தான் கோளாறு என்று நினைத்தேன்.

பார்க்கின்சன் (அசைவுக்குத் தேவையான டோபமின் என்ற பொருள் மூளையில் குறைந்துபோகும் நோய்) என்று கண்டியில் சொன்னார்கள். பல வருடங்கள் மாத்திரைகள் என்னை நடக்கவைத்தன. பிறகு, அடுத்த மாத்திரைக்கு முன்பே முந்தையதன் பலம் தீர்ந்துபோகத் தொடங்கியது. ஒருநாள் ஹட்டன் பஸ் நிலையத்தில், ஏறவேண்டிய பஸ்ஸின் முன்னால் கால்கள் தரையோடு ஒட்டிக்கொண்டன. பின்னால் நின்றவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறினார்கள். பஸ் போய்விட்டது. இப்படியே இருந்துவிடக் கூடாது என்று அங்கே நின்றபடி முடிவெடுத்தேன்.

என் வயிறு மாத்திரையைச் சீராகக் குடலுக்கு அனுப்புவதில்லை என்றார் நரம்பியல் மருத்துவர். மருந்தைச் சிறு பம்ப் மூலம் இடைவிடாமல் செலுத்த இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, வயிற்றில் துளையிட்டு, குழாய் வழியாகச் சிறுகுடலுக்குக் கொடுப்பது. மற்றது, அபோமார்ஃபினை (டோபமினைப் போலச் செயற்படும் மருந்து) மெல்லிய ஊசியால் தோலுக்கடியில் செலுத்துவது.

குழாய் மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவேண்டும். எங்கள் பக்கம் பலத்த மழை பெய்தாலே கரண்ட் போய்விடும். ஊசி சரிவராவிட்டால் கழற்றிவிடலாம். நான் ஊசியைத் தேர்ந்தேன்.

"காலையில யாரு குத்துவாங்க டீச்சர்? அந்த நேரம் உங்க கை விறைச்சிருக்குமே" என்றார் மருத்துவர்.

என் கணவர் சவரிமுத்து தரையைப் பார்த்தார். நுவரெலியாவிலிருந்து மரக்கறி லொறி ஓட்டுபவர். எந்த வளைவுக்கும் அஞ்சாதவர், ரத்தப் பரிசோதனை என்றால் மயங்கி விழுவார்.

கொழும்பில் வேலை செய்யும் மகள் ரீட்டா போனில் அழுதாள். "வேலைய விட்டுட்டு வந்துர்றேம்மா."

"வராத. நான் நடக்கணும்னு ஒன் கால கட்டிப்போட ஏலாது."

கேட்டுக்கொண்டிருந்த கணவர் மெதுவாகச் சொன்னார்: "நான் கத்துக்கிறேன்."

வார்டில் முதல் சில நாட்கள் வாந்தி. எழுந்தால் தலை சுற்றியது. ரத்த அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்து மருந்தைக் கூட்டினார்கள். கணவர் முதல்முறை குத்த வந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"கண்ண தொறங்க ஐயா, வலிக்கப்போறது அவங்களுக்கு" என்றார் தாதி.

"என்னங்க, பயப்படாம குத்துங்க. நான் எங்கயும் ஓட மாட்டேன்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் திறந்து குத்தினார்.

நோய் போய்விடவில்லை. வயிற்றுத் தோலில் முடிச்சுகள் இருக்கின்றன. தினமும் இடம் மாற்றிக் குத்தவேண்டும். சில மாத்திரைகளும் தொடர்கின்றன. நீங்களும் இப்படியொரு முடிவு எடுக்கவேண்டியிருந்தால், மருந்தைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டையும், உங்களைத் தொடப்போகும் கைகளையும் சேர்த்து யோசியுங்கள்.

முன்பு என் பகல் துண்டு துண்டாக இருந்தது. ஒவ்வொரு துண்டின் முடிவிலும் உடம்பு நின்றுபோகும். இப்போது காலை, என்னைக் கேட்காமலே மத்தியானமாகிவிடுகிறது. படுக்கப்போகுமுன் அவர் ஊசியைக் கழற்றுகிறார். கொஞ்ச நேரத்தில் கை கால் மறுபடி கனக்கும். அந்தக் கனத்த உடம்போடு முன்பு சண்டை போட்டேன். இப்போது அதற்குப் போர்வையை இழுத்துப் போர்த்திவிட்டுத் தூங்குகிறேன்.