பின்சீட்டின் இடது மூலை

துணி சுற்றிய ஒயர் கருகும்போது, ரப்பரும் கந்தலும் சேர்ந்து தீய்ந்த மாதிரி ஒரு நாற்றம் வரும். எழுபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அது எங்காவது மூக்கில் ஏறினால் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பெரம்பலூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் "பிளசர்" கார் வைத்திருந்தவர் என் பெரியப்பா ஒருவர்தான். யுத்தம் முடிந்த மறு வருஷம், பட்டாளத்து லாரிகளிலிருந்து கழற்றிய விளக்குகள் திருச்சியில் மலிந்து கிடக்க, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டை வாங்கிவந்து அந்தக் கிழட்டுக் காரின் முகத்தில் மாட்டினார். பழைய ஒயரை எலி கடித்திருந்ததால், மாட்டிய மிஸ்திரி பின்சீட்டுக்கு அடியிலிருந்த பாட்டரியிலிருந்து புது ஒயர் இழுத்தான். நீளம் போதாத இடத்தில் இன்னொரு துண்டை வெறுமனே முறுக்கிச் சேர்த்து, சீட்டுக்கடியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான். இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் அப்போது பத்து வயதுச் சிறுமி. அப்பாவின் தங்கை சிவகாமி அத்தைக்கு இருபதுகூட ஆகவில்லை. கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்திருந்தாள். காரில் அவளுக்கென்று பெரியப்பா ஓர் இடம் வைத்திருந்தார். எதிரே வருகிறவர்கள் கண்ணில் படாதபடி, பின்சீட்டின் இடது மூலையில், முக்காடு போட்டுக்கொண்டு அவள் ஒடுங்கி உட்கார வேண்டும்.

அரியலூரில் ஒரு துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்புகையில் பொழுது சாய்ந்துவிட, டிரைவர் ரத்தினம் விளக்கைப் போட்டான். பொசுக்கென்று அவிந்தது, அந்த நாற்றமும் வந்தது. எல்லோரும் இறங்கினோம், எரிந்தது. ஏறினோம், அவிந்தது. பெரியப்பா அத்தையை மட்டும் இறங்கச் சொன்னார். அவள் இறங்கியதும் சாலை முழுக்க வெளிச்சம்.

"பாத்தீங்களா! இந்த மூதேவி ஏறுனா வெளக்குகூட நிக்க மாட்டேங்குது!"

ஊருக்கு ஒரு மைல் இருந்தது. அவளை நடந்து வரச் சொல்லிவிட்டுக் கார் கிளம்பியது. என் அப்பா, அவள் கூடப்பிறந்த அண்ணன், முன்சீட்டில் கல்லாக உட்கார்ந்திருந்தார். நானாவது இறங்கி அவளோடு நடந்திருக்கலாம். செய்யவில்லை.

அதற்கப்புறம் அந்த மூலையில் எங்கள் வீட்டில் ஒருத்தரும் உட்காரவில்லை, பீடை பிடித்த இடமாம். ஒருத்தரும் உட்காராததால் விளக்கும் அவியவில்லை. பெரியப்பாவுக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்!

அந்தச் சமயத்தில்தான் திருச்சியில் ஆசிரியைப் பயிற்சிக்கு நேரில் வரச்சொல்லி அத்தைக்குக் கடிதம் வந்தது. அரியலூரில் விடியற்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். அதற்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். "இவ ஏறுனா வண்டி எங்க போயிச் சேரும்?" என்றார் பெரியப்பா. மாட்டுவண்டி கேட்டாள். உழவு நேரத்தில் மாடு கிடையாது என்றார்.

மறுநாள் மத்தியானம், வீடே உறங்குகிற வேளையில், அத்தை என்னையும் இழுத்துக்கொண்டு இருட்டடைந்த கார் ஷெட்டுக்குப் போனாள்.

"வெளக்கப் போடு ரத்தினம்."

போட்டான். அவள் மூலையில் உட்கார்ந்தாள், அவிந்தது. எழுந்தாள், எரிந்தது.

"இப்ப நீ வந்து இங்க குந்து."

ரத்தினம் தயங்கினான். என்ன நினைத்தானோ, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். விளக்கு அவிந்தது.

"ஏன் ரத்தினம், ஒனக்குமா பீடை புடிச்சிருக்கு?" என்றாள் அத்தை.

சீட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். "அடப்பாவி! சும்மா முறுக்கி வுட்டுட்டுப் போயிருக்காம்மா. மேல ஆளு குந்துனா ஸ்பிரிங்கு அமுக்கி ஒயரு பிரிஞ்சிக்கிது, நெருப்பு தெறிச்சுத் துணியும் கருகியிருக்கு" என்று தலையில் அடித்துக்கொண்டான். கருகியதை வெட்டியெறிந்து, ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒயரைச் சட்டத்தோரமாக இழுத்துக் கட்டினான். அரை மணி நேர வேலை. அத்தை அந்த மூலையில் சிறுபிள்ளை மாதிரி குதித்துக் குதித்து உட்கார்ந்தாள், விளக்கு அசையவில்லை. புருஷன் செத்தபிறகு அவள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

பெரியப்பாவையும் அப்பாவையும் கூட்டிவந்து காட்டினாள். "நீங்களே குந்திப் பாருங்கண்ணே" என்றாள். பெரியப்பா உட்காரவில்லை. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் ரத்தினத்திடம் சொன்னார்: "ஒயருல கோளாறு, சரி. அதுக்காக வெடியக்காலைல மொத மொத இவள ஏத்திக்கிட்டுப் போவச் சொல்றியா?"

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

கடிதத்தில் குறித்திருந்த நாளன்று, விடிவதற்கு முன்பே கார் அரியலூருக்குப் போகத்தான் செய்தது, பெரியப்பாவின் மாப்பிள்ளையை அதே ரயிலில் ஏற்றிவிட. விளக்கு இரண்டும் பட்டப்பகலாக எரிந்தன. அத்தை கொல்லையில் மாவாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சாகும்வரை அந்த வீட்டில்தான் மாவாட்டினாள்.

காரைப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று. ஷெட் இருந்த இடத்தில் செல்போன் கடை. சாலையில் சிமெண்டு லாரிகள் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு போகின்றன. போன மாதம் பெரியப்பாவின் பேரன் அந்தக் காரின் போட்டோவோடு வந்து, அச்சடிக்கப்போகும் குடும்ப மலருக்கு நாலு வரி எழுதித் தரச் சொன்னான். போட்டோவில் எல்லோரும் இருக்கிறோம், சிவகாமி அத்தை இல்லை. ஏன் இல்லையென்று சொன்னேன்.

"அதெல்லாம் எதுக்குங்க அத்தை இப்ப? அந்தக் காலத்துல எல்லாரும் அப்பிடித்தானே இருந்தாங்க."

எல்லோருமா? ரத்தினம் அந்த மூலையில் உட்கார்ந்தானே!