கிருஷாந்தி கொடுக்காத பெயர்கள்

இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பராவில் கிருஷாந்தி வேலை பார்த்தாள். அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் பதினேழு குழந்தைகள் அவள் பொறுப்பு. உதவி ஆசிரியர் பரீட்சைக்கு அவள் விண்ணப்பித்தபோது வயது முப்பத்து நான்கு. முப்பத்தைந்தோடு வயதெல்லை முடிகிறது. இதுதான் கடைசித் தடவை.

பரீட்சை வழிகாட்டி அச்சில் இல்லை. ஒரு செயலியில் மின்னூலாக மட்டுமே கிடைத்தது. வாங்கினாள். பக்கத்தைப் படமெடுக்கப் பார்த்தால் திரை கறுத்துவிடும். அதனால் தன்னோடு விண்ணப்பித்திருந்த பூரணிக்கும் சர்மிளாவுக்கும் கடவுச்சொல்லையே கொடுத்தாள்.

பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கையில் புத்தகம் திறக்கவில்லை. அளவுக்கு மீறிய போன்களில் பயன்படுத்தியதால் முடக்கப்பட்டதாக ஒரு வரி மட்டும் வந்தது. செயலியை நடத்தும் கம்பனிக்கு அழைத்தாள்.

“நான் காசு குடுத்து வாங்குன புத்தகங்க அது.”

“நீங்க வாங்கினது புத்தகம் இல்ல மிஸ், வாசிக்கிற அனுமதி மட்டுந்தான்,” என்றான் மறுமுனையில் இருந்தவன். “வேற யார் பாவிச்சதுன்னு பேரும் நம்பரும் அனுப்புங்க. அவங்கள பிளாக் பண்ணிட்டு உங்களுக்குத் திறந்து விடுறோம்.”

மாலையில் இருவரும் ஓடிவந்தார்கள். “எங்க பேர குடுத்திருங்கக்கா,” என்றாள் பூரணி. “எங்களுக்கு வயசு இருக்கு. ஒங்களுக்கு இல்லையே.”

கிருஷாந்தி பூரணியின் பெயரைப் போனில் அடித்தாள். அனுப்ப வேண்டியதுதான். விரல் அங்கேயே நின்றது. சர்மிளா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள் கிருஷாந்தி.

“நான் குடுத்துத்தான வாசிச்சீங்க. ஒங்கள எப்படிக் கள்ளின்னு எழுதிக் குடுக்கிறது? ஞாபகம் இருக்கிறத சொல்லுங்க, எழுதுவோம்.”

மூன்று மாலைகள் எழுதினார்கள். பூரணிக்குக் கணக்குகள் அப்படியே நினைவிருந்தன. சிறுவர் உளவியல் அத்தியாயத்தை இளையவர்கள் இருவரும் முன்பே படித்திருந்தார்கள். கிருஷாந்தி அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அவர்கள் சொல்லச் சொல்ல எழுதியும் மனதில் நிற்கவில்லை.

பரீட்சையில் அதிலிருந்துதான் நிறையக் கேள்விகள் வந்தன.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. பூரணியும் சர்மிளாவும் தேறினார்கள். கிருஷாந்திக்கு மூன்று புள்ளி குறைவு. “அன்னிக்கே பேர குடுத்திருக்கலாமேக்கா,” என்று பூரணி அழுதாள்.

இதை எழுதவென்று கிருஷாந்தியைப் பார்க்கப் போன நான், கோபம் இல்லையா என்று கேட்டபோது, “இல்லாம இருக்குமாங்க? ஆனா அது பூரணி மேல இல்ல,” என்றாள்.

பூரணி இப்போது டிக்கோயாவில் படிப்பிக்கிறாள். காலையில் தன் மகனைக் கிருஷாந்தியிடம் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள்.